தாய்லாந்தில் பைக் இன்சூரன்ஸ்: வெளிநாட்டவருக்கு எது தேறும்?

பாங்காக்கிலோ சியாங் மாயிலோ வேலை கிடைத்துப் போய், கொஞ்ச நாளில் ஒரு ஹோண்டா கிளிக் ஸ்கூட்டர் வாங்குகிற நம்மாட்கள் ஷோரூமில் மறக்காமல் கேட்பது, "ஃபுல் இன்சூரன்ஸ் உண்டா?" என்பதைத்தான். விற்பவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். பெரும்பாலும் அந்தத் தலையாட்டல் கட்டாயக் காப்பீட்டுக்கும், அதோடு சேர்த்துக் கொடுக்கும் திருட்டுக் காப்பீட்டுக்கும்தான். ஊரில் ஓன் டேமேஜும் தேர்ட் பார்ட்டியும் ஒரே பாலிசியில் வந்து பழகியவர்களுக்கு இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

தாய்லாந்தில் அடியில் இருப்பது கட்டாயக் காப்பீடு. அதற்கு மேல், விருப்பப்பட்டால் வாங்கும் பாலிசிகள் கிளாஸ் 1, 2+, 3+, 3 என்று படிப்படியாகப் பிரிந்திருக்கின்றன. (வெறும் கிளாஸ் 2 என்றும் ஒன்று உண்டு, பைக்காரர்கள் அதைப் பெரிதாகத் தேடுவதில்லை.) எதை வாங்கினாலும் கட்டாயக் காப்பீடு தனியாக இருந்தே ஆக வேண்டும்.

உள்ளூரில் 'போ ரோ போ' என்று சொல்லப்படும் அந்தக் கட்டாயக் காப்பீடு 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. விலை இன்ஜின் அளவைப் பொறுத்தது: 75 சிசிக்கு மேல் 125 சிசி வரை ஆண்டுக்கு 323.14 பாட், 150 சிசி வரை 430.14 பாட், அதற்கும் மேல் 645.21 பாட். செவன் இலெவன் கடையிலேயே எடுக்கலாம். வெளிநாட்டவர் என்பதால் தனிச் சிக்கல் எதுவும் இல்லை. இது இல்லாமல் ஆண்டு வரி கட்ட முடியாது, பிடிபட்டால் 10,000 பாட் வரை அபராதம்.

விலை குறைவுதான், கிடைப்பதும் அதற்கேற்ற மாதிரிதான். தவறு யாருடையது என்று பார்க்காமல் சிகிச்சைக்கு 30,000 பாட் வரை கொடுப்பார்கள். தவறு எதிராளி மீது என்று முடிவானால் சிகிச்சைக்கு 80,000 வரை, இறப்புக்கோ நிரந்தர முழு ஊனத்துக்கோ 5,00,000. ஆனால் தவறு உங்களுடையது என்றாலோ, நீங்களே வழுக்கி விழுந்தாலோ, சிகிச்சைக்கு அந்த 30,000-த்தோடு சரி. பின்னால் உட்கார்ந்து வந்தவருக்குக் கிடைக்கிற முழு வரம்பு, ஓட்டிய உங்களுக்குக் கிடைக்காது. கால் எலும்பு முறிந்து பாங்காக் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தால், ஆபரேஷன் தியேட்டர் வாசலை எட்டுவதற்குள் அந்தப் பணம் தீர்ந்துவிடும். வண்டிச் சேதத்துக்கோ ஒரு பாட் கூட இல்லை. உங்கள் வண்டிக்கும் இல்லை, நீங்கள் இடித்த ஃபார்ச்சூனருக்கும் இல்லை.

அந்த ஃபார்ச்சூனருக்காகத்தான் கிளாஸ் 3. எதிராளியின் வாகனச் சேதம், கட்டாயக் காப்பீட்டு வரம்பைத் தாண்டும் அவருடைய காயச் செலவு, இரண்டையும் ஏற்கும். உங்கள் வண்டிக்கு எதுவும் தராது. மலிவு, பழைய வண்டிக்கும் பெரும்பாலும் கிடைக்கும். பலரும் கவனிக்காத ஒரு வரி இந்தப் பாலிசிகளில் இருக்கும்: ஜாமீன் தொகை. விபத்தில் ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டால் தாய்லாந்தில் அது குற்ற வழக்கு. தெரிந்தவர்கள் அதிகம் இல்லாத ஊரில், மொழியும் தெரியாமல் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவருக்கு வண்டியின் பம்பரை விட இந்த வரிதான் பெரிது. எவ்வளவு தொகை என்று பாலிசி அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

அடுத்து 2+, 3+. புரோக்கர்கள் வெளிநாட்டவரிடம் ஆர்வமாக விற்பது இவற்றைத்தான். 'கிட்டத்தட்ட ஃபுல்' என்பார்கள். அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டும் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் தரும், ஆனால் இன்னொரு தரைவழி வாகனத்தோடு மோதியிருக்க வேண்டும், அந்த வாகனம் எது என்று காட்டவும் முடிய வேண்டும். இடித்துவிட்டு ஓடிய பிக்கப்பின் எண்ணை நீங்கள் பார்க்கவில்லையா, கிடையாது. மழையில் சாலையின் வெள்ளைக் கோட்டில் வழுக்கினீர்களா, கிடையாது. சந்துக்குள்ளிருந்து நாய் குறுக்கே பாய்ந்ததா? நாய் தரைவழி வாகனம் அல்ல. பைக் விபத்துகளில் ஆளே தனியாக விழுவது எவ்வளவு சாதாரணம் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். காருக்கு நியாயமாகப் படும் இந்த நிபந்தனை இரண்டு சக்கரத்துக்கு வரும்போது பாலிசியையே அரைகுறை ஆக்கிவிடுகிறது. 2+-க்கும் 3+-க்கும் இடையே முக்கிய வித்தியாசம், 2+-இல் திருட்டும் தீயும் சேரும், 3+-இல் சேராது. என் கணக்கில், வண்டியை இரவில் தெருவிலேயே நிறுத்த வேண்டியவருக்கு 2+ சரி. 3+ வாங்கும் பணத்தை வேறு எதிலாவது போடலாம்.

உண்மையில் ஃபுல் என்றால் கிளாஸ் 1 மட்டும்தான். தனியாக விழுந்தாலும், திருடு போனாலும், தீப்பிடித்தாலும் அது பணம் தரும். சிக்கல், அது எளிதில் கிடைக்காது என்பது. இதற்கு வெளிநாட்டவர் மீதான பாகுபாடு காரணமல்ல, தாய்க்காரர் போய்க் கேட்டாலும் சிறிய பைக்குக்குப் பல நிறுவனங்கள் கைவிரித்துவிடும். காரணம் சாலையில் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் 2018 அறிக்கை தாய்லாந்தில் ஒரு லட்சம் பேருக்கு 32.7 சாலை மரணங்கள் என்று மதிப்பிட்டது. இறந்தவர்களில் நாலில் மூன்று பங்கினர் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளில் போனவர்கள். திருட்டும் அதோடு சேர்ந்தால் எந்த நிறுவனம் அறுபதாயிரம் பாட் வண்டிக்கு முழுப் பொறுப்பு ஏற்கும்? அதனால் கிளாஸ் 1 பெரும்பாலும் பெரிய பைக்குகளுக்கும், வாங்கி அதிக ஆண்டு ஆகாதவற்றுக்கும்தான். பிரீமியமும் வண்டி விலையோடு ஒப்பிட்டால் கசக்கும், ஒவ்வொரு கிளைமிலும் உங்கள் பங்காக ஒரு தொகையும் கழியும். டுகாட்டியோ கவாசாகி நிஞ்ஜாவோ வைத்திருப்பவர் கட்டிவிட்டுப் போகலாம். கிளிக்குக்குக் கிடைத்தாலும் எனக்கு மனசு வராது.

கடனில் எடுத்த வண்டியோடு வரும் திருட்டுக் காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை: கடன் முடியும் வரை பணம் பொதுவாக நிதி நிறுவனத்துக்குத்தான் போகும், முழு விலையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாடகை பைக்கின் 'இன்சூரன்ஸ் உண்டு' போர்டுக்கும் பல கடைகளில் அர்த்தம் வெறும் போ ரோ போ.

இவ்வளவு ஒப்பிட்ட பிறகும் முக்கியமான ஒன்று மிச்சம் இருக்கிறது. மேலே சொன்ன பேச்சு பெரும்பாலும் வண்டியையும் எதிராளியையும் பற்றியது. ஓட்டுகிறவரின் உடம்பு? சில பாலிசிகளில் ஓட்டுநருக்கு ஒரு சிறு விபத்துத் தொகை இருக்கும், அவ்வளவுதான். வொர்க் பெர்மிட்டோடு தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்குப் பொதுவாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டம் உண்டு, கட்டாயக் காப்பீடு தீர்ந்த பிறகு பதிவு செய்த மருத்துவமனையில் அது கைகொடுக்கும். அதுவும் இல்லாத ஃப்ரீலான்சரும், ஓய்வு பெற்று வந்தவரும் தனி விபத்துக் காப்பீடு எடுக்கத்தான் வேண்டும். அங்கேயும் ஒரு பொறி: தாய்லாந்தின் சாதாரண விபத்துக் காப்பீட்டில் மோட்டார் சைக்கிள் விலக்கப்பட்டிருக்கும், தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். பயணக் காப்பீட்டை நம்பி ஓட்டுபவர்கள் 125 சிசி வரம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் உரிமம். கார் உரிமம் பைக்குக்குச் செல்லாது. ஊரிலிருந்து கொண்டுவந்த சர்வதேச அனுமதியிலும் மோட்டார் சைக்கிள் பிரிவு இருக்க வேண்டும், அது ஓராண்டுக்குத்தான். தங்கி வாழ்கிறவர் தாய் உரிமம் எடுப்பதே நல்லது, முதலில் 2 ஆண்டுத் தற்காலிக உரிமம், பிறகு 5 ஆண்டு. பைக் உரிமம் இல்லாமல் விழுந்தால் கிளாஸ் 1 கூட உங்கள் வண்டிக்குப் பணம் தராது. மதுவுக்குச் சட்ட வரம்பு பொதுவாக 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம், ஆனால் தற்காலிக உரிமக்காரருக்கு 20 தான். அதாவது புதிதாக வந்தவருக்கு ஒரு பீரே அதிகம். பச்சைப் புத்தகம் எனப்படும் பதிவேட்டில் நண்பர் பெயரோ மனைவி பெயரோ இருந்தால், வண்டி முழுதாகப் போனால் காசோலையும் அந்தப் பெயருக்கே வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கே வாங்குவது என்பதில் விலையை விட சர்வேயரைப் பார்ப்பேன். இங்கே விபத்து நடந்ததும் கம்பெனிக்குப் போன் செய்தால் அவர்கள் ஆளே மோட்டார் சைக்கிளில் சம்பவ இடத்துக்கு வருவார், எதிராளியின் ஆளும் வருவார், இருவரும் தெருவிலேயே பேசி கிளைம் சீட்டு எழுதுவார்கள். பேச்செல்லாம் தாய் மொழியில். உங்கள் பக்கம் யாரும் வரவில்லை என்றால் தவறு உங்கள் தலையில் விழ வாய்ப்பு அதிகம். ரூஜாய் போல ஆங்கிலத்தில் ஆன்லைனில் விற்கும் நிறுவனங்களும், வெளிநாட்டவருக்கென்றே இயங்கும் புரோக்கர்களும் பணம் கொஞ்சம் கூடுதலாக வாங்கினாலும் இதற்காகக் கொடுக்கலாம். ஆங்கிலப் பிரதி கையில் இருந்தாலும் வழக்கு என்று வந்தால் தாய்ப் பிரதிதான் நிற்கும்.

மிக மலிவான விலை சொல்லும் கம்பெனியின் நிதிநிலையையும் ஒரு கண் பாருங்கள். கோவிட் பாலிசி இழப்பில் 2021, 2022-இல் நான்கு காப்பீட்டு நிறுவனங்கள் உரிமம் இழந்தன, வாகனக் காப்பீட்டில் பெரிய பெயரான சின் மன் கொங் 2024 ஜூலையில் இழந்தது. அப்படி ஒரு கம்பெனி மூடினால் பாக்கியைக் காப்பீட்டு நிதியத்திடம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். பாலிசி விஷயத்தில் தகராறு என்றால் காப்பீட்டு ஆணையத்தின் 1186 எண்ணைக் கூப்பிடலாம்.

125 சிசி வண்டிக்கு நான் எடுப்பது போ ரோ போ, கிளாஸ் 3, பைக்கைச் சேர்த்த விபத்துக் காப்பீடு, இந்த மூன்றும்தான். 2+ வேண்டும் என்பவர்கள் பணம் கட்டும் முன் புரோக்கரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: "நான் தனியாக விழுந்தால் என் வண்டிக்கு எவ்வளவு தருவீர்கள்?"