புதன்கிழமைத் தடுப்பூசி: ஊசிக்கு முழு மதிப்பெண், தராசுக்குப் பாதி

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம் எங்கே போனாலும் புதன்கிழமை குழந்தைகளுக்கான தடுப்பூசி நாள். ஒரு பைசா செலவில்லை. கைக்குழந்தை உள்ள யாரும் தயங்காமல் போகலாம் என்பதே இந்தச் சேவையைப் பற்றிய என் தீர்ப்பு. ஆனால் ஊசி போடுவது வேறு, குழந்தையை முழுசாகப் பரிசோதிப்பது வேறு. ஊசி எப்படியும் போட்டுவிடுவார்கள். பரிசோதனை, நாம் தயாராகப் போய்க் கேட்டால்தான் ஒழுங்காக நடக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஊசி பயன்படுத்தும் முறையில் குறை சொல்ல இடமில்லை. ஒரு தடவை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு என்பதால் அதை மறுபடி பயன்படுத்தவே முடியாது. மருந்துக் குப்பியின் லேபிளைப் பாருங்கள், ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று அர்த்தம். காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

எந்தத் தவணைக்கு என்ன என்று தெரிந்துகொண்டு போனால் பதற்றம் பாதி குறையும். 45ஆம் நாள் மூன்று ஊசி: ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட், நிமோனியா தடுப்பூசி, போலியோ ஊசி. கூடவே வாய்வழியாகப் போலியோவும் ரோட்டா வைரஸ் மருந்தும். 75ஆம் நாள் பென்டாவேலன்ட் என்ற ஒரே ஊசி, அதே இரண்டு வாய்மருந்து. 105ஆம் நாள் மறுபடி 45ஆம் நாள் போலவே. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா, நிமோனியா, போலியோ ஊசிகள், வைட்டமின் ஏ. சில மாவட்டங்களில் மட்டும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் சேரும்.

நேரம் முக்கியம். பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யும் தட்டம்மை-ரூபெல்லாவும் பொடியாக வருபவை. கரைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் மதியத்துக்கு மேல் போனால் “அடுத்த வாரம் வாங்க” என்ற பதில் வரலாம். முதல் நாளே கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விடுங்கள்.

இனி தராசு. இந்தச் சேவையின் பலவீனம் இங்கேதான். கூட்டம் அதிகமானால் சட்டை, டயாபர், கொலுசு எல்லாவற்றோடும் குழந்தையைத் தூக்கி வைத்து, ஓர் எண்ணை எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். முதல் மூன்று மாதம் குழந்தை நாளுக்குச் சுமார் 25 முதல் 30 கிராம் ஏறும், அதாவது வாரத்துக்கு 200 கிராம். நன்றாக நனைந்த டயாபரே அந்த எடை வந்துவிடும். ஒரு வாரமாகக் குழந்தை எடை ஏறவே இல்லை என்பதை ஒரு டயாபர் மறைத்துவிடுகிறது. எனவே டயாபர், சட்டை, கொலுசு, காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். தராசில் துணி விரித்தபின் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கப்புறம் குழந்தையை வையுங்கள். இதெல்லாம் ஊசிக்கு முன்பே முடிய வேண்டும். ஊசி போட்டு வீறிட்டு அழும் குழந்தையைச் சரியாக எடை பார்க்க முடியாது.

நீளம் பார்ப்பது பல இடங்களில் விட்டே போகிறது. இரண்டு வயதுவரை படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்தி நேராக்க வேண்டும். கால் மடங்கியிருந்தால் ஓரிரு சென்டிமீட்டர் குறைந்துபோகும். தலையைப் பிடித்துக்கொள்ள நீங்களே முன்வந்தால் செவிலியர் மறுக்க மாட்டார்.

அளந்ததைத் தாய் சேய் அட்டையின் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். புள்ளி பச்சைப் பட்டைக்குள் இருக்கிறதா என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். பட்டைக்குள்ளேயே இருந்தாலும் இரண்டு தடவை தொடர்ந்து கோடு படுத்துவிட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பலர் கவனிக்காத ஓர் ஓட்டை இந்த அட்டவணையில் இருக்கிறது. 105ஆம் நாளுக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் நடுவே ஊசியே கிடையாது. ஆறாம் மாதம் இணை உணவு ஆரம்பிப்பதும், கஞ்சி தண்ணீராகிப்போய்க் குழந்தை எடை ஏறாமல் நிற்பதும் இந்த இடைவெளியில்தான். ஊசி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போடுங்கள். ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் தரும் அரசுத் திட்டம் இருக்கிறது, அதையும் கேட்டு வாங்குங்கள்.

வளர்ச்சிப் படிகளை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்பவில்லை, ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை: இதில் எது இருந்தாலும் “போகப் போகச் சரியாயிடும்” என்ற பதிலோடு திரும்பாதீர்கள். வளர்ச்சித் தாமதத்தைக் கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள்.

பென்டாவேலன்ட் தொடையில் போடுவது. இறுக்கமான பேன்ட் வேண்டாம், தளர்ந்த சட்டை போதும். சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் தாய்ப்பால் தரக்கூடாது என்பது தவறான நம்பிக்கை. ஊசி போடும்போதே பால் குடித்துக்கொண்டிருந்தால் வலி குறையும். லேசான சளி, இருமல், இளஞ்சூடு இருந்தாலும் ஊசி போடலாம். கடும் காய்ச்சல் என்றால் தள்ளிவைக்கலாம். போன தவணைக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால் அதை ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிடக் கூடாது. அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் இந்த நேரத்துக்குள்தான் தெரியும். போட்ட இடத்தைத் தேய்க்கவோ எண்ணெய், மஞ்சள் பூசவோ வேண்டாம்.

அன்றிரவு காய்ச்சல் வரலாம். பாராசிட்டமால் அளவில்தான் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்பது நம் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது. எடைக்கு ஏற்ற அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 5 கிலோ குழந்தைக்கு 75 மில்லிகிராம் என்றால் சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் முக்கால் மில்லிதான். சிரப் அளவை நினைவில் வைத்துச் சொட்டு மருந்தை 3 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும்! தராசிலிருந்து இறக்கியதுமே, பாட்டிலைக் காட்டி, அன்றைய எடைக்கு எத்தனை மில்லி என்று அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு, அதாவது 45ஆம் நாள் ஊசிக்கு, மருத்துவரோ செவிலியரோ சொல்லாமல் எதுவும் கொடுக்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை அடங்காமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டுபோனாலோ காலைவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தனியாரில் பென்டாவேலன்டுக்குப் பதிலாக “வலியில்லாத ஊசி” என்று போடுவதில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு, அவ்வளவுதான். பாதுகாப்பு அதிகம் என்று நினைத்துப் பணம் கட்ட வேண்டாம். டைபாய்டு, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகள் இந்த இலவச அட்டவணையில் இல்லை. அவை வேண்டுமென்றால் தனியாரில் போட்டு அதே அட்டையில் தேதியோடு பதியச் சொல்லுங்கள். ஒரு தவணை தவறிப்போனால் ஆரம்பத்திலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்தே தொடர்வார்கள். அடுத்த புதன்கிழமை அட்டையோடு போனால் போதும்.