28,000 ரூபாய் போச்சு: நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஷிட்சு என்கிற சின்ன ரக நாய்க்குட்டி ஒன்றுக்கு 28,000 ரூபாய் கொடுத்தேன். இன்றைக்குக் குட்டியும் இல்லை, பணமும் இல்லை.

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில் ஆத்தாவும் அப்பச்சியும் மட்டும்தான். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று அவ்வளவு பெரிய வீட்டில் ரெண்டே பேர், துணைக்கு ஒரு சின்ன நாய் இருக்கட்டுமே என்று நினைத்தேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் அவர்களால் பிடித்து நிறுத்த முடியாது. கூண்டில் அடைத்து விற்கும் கடையில் வாங்கக் கூடாது, பொறுப்பாக வளர்ப்பவரிடம்தான் வாங்குவது என்று தேடித் தேடிப் பிடித்த ஆள் இவர். மதுரைப் பக்கம், வீட்டிலேயே சின்ன ரக நாய்கள் மட்டும் வளர்ப்பதாக இணையத்தில் விளம்பரம் போடுகிறவர்.

போனில் நான் கேட்டதைவிட அவர் கேட்டதுதான் அதிகம். "பகல்ல வீட்ல யாரு இருப்பாங்கக்கா? வெயிலுக்கு எங்க படுக்க வைப்பீங்க? தினம் முடி சீவி விட ஆள் இருக்கா? சரிப்படலைன்னா வெளியில யாருக்கும் குடுத்துராதீங்க, பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு நானே வாங்கிக்குவேன்." பெண் கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். நல்ல வளர்ப்பாளர்கள் இப்படித்தான் கேட்பார்கள், அதை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். தாய் நாயைப் பார்க்க வரட்டுமா என்றால், "தடுப்பூசி முடியாத குட்டிங்கக்கா, வெளியாள் வந்தா கிருமி வந்துரும், வீடியோ அனுப்புறேன்" என்றார். அதுவும் பொறுப்பான பேச்சாகத்தானே தோன்றும்? "நீங்க அலைய வேண்டாம், நானே மேலூர் வரைக்கும் கொண்டாந்து தர்றேன்" என்று பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒரு அட்டைப்பெட்டியையும் தடுப்பூசி அட்டையையும் கொடுத்தார். சாதி நாய்தான் என்று கென்னல் கிளப் கொடுக்கும் கே.சி.ஐ. பேப்பர் பின்னால் வருமாம். 28,000 ரூபாயும் அங்கேயே அவர் கணக்குக்குப் போய்விட்டது.

மறுநாளே வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு. காரைக்குடியில் டாக்டரிடம் ஓடினோம். பரிசோதனையில் பார்வோ, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய். வாயைத் திறந்து பார்த்தவர், பின்பற்களே இன்னும் முழுசாக முளைக்கவில்லை, ஐந்து வாரம்கூட இருக்காது என்றார். எங்களிடம் ஒன்பது வாரம் என்று சொல்லி விற்றது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017 விதியே இருக்கிறதாம். ஸ்கேன் செய்தால், அடையாளத்துக்குத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் இல்லை. அட்டையில் தடுப்பூசி ஸ்டிக்கர் இருக்கிறது, டாக்டர் கையெழுத்தோ முத்திரையோ இல்லை. டிரிப் ஏற்றியும் பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த ஆள் பேசிய பேச்சு இருக்கிறதே! முதலில், "பால் ஊத்திருப்பீங்க." அடுத்து, "உங்க ஊர்த் தண்ணி ஒத்துக்கலை." பார்வோ தொற்றி அறிகுறி தெரியவே மூன்று நாளாவது ஆகும், மறுநாளே வந்தால் அது உங்கள் இடத்திலிருந்துதான் வந்தது என்று டாக்டர் சொன்னதை அனுப்பினேன். "டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க." பிறகு பெரிய மனசு பண்ணி, "பாதிக் காசு கட்டுங்க, வேற குட்டி தர்றேன்" என்றார். 28,000 வாங்கியது போதாமல் இன்னும் 14,000! அதுவும் இந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையில் கிடக்கும், வருகிற குட்டிக்கும் தொற்றும் என்று தெரிந்தே சொல்கிறார். கேள்வி கேட்டதும் பிளாக் செய்துவிட்டார். வீட்டில் கிடக்கும் கிருமி பினாயிலுக்கெல்லாம் சாகாது, பிளீச்சிங்தான் போட வேண்டும் என்றார்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் நிறம் வெளுத்துவிடுமே என்று முனகிக்கொண்டே ஆத்தா துடைத்துக்கொண்டிருக்கிறார்.

விவரமாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. தாய் நாயை அதன் இடத்திலேயே நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க் என்று வழியில் வைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். மாநில விலங்குகள் நல வாரியப் பதிவுச் சான்று கேளுங்கள். அட்டையில் டாக்டர் பெயர் இருந்தால் அவருக்கே போன் போட்டுப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் சிப் ஸ்கேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். மேலூர், திருப்பத்தூர், தேவகோட்டைப் பக்கம் யாராவது இதே மாதிரி குட்டி வாங்கி இழந்திருந்தால் பணம் அனுப்பிய ரசீதோடு எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே கேட்போம்.