பி.எஃப். ஓய்வூதியத்துக்கு அரசு தரும் சட்ட வழிகாட்டல்: வட சென்னைத் தொழிலாளிக்கு எவ்வளவு உதவுகிறது?

வியாசர்பாடி, மணலி, திருவொற்றியூர் பகுதிகளில் சிறு பட்டறைகளிலும் சரக்குப் பெட்டகக் கிடங்குகளிலும் உழைத்து ஓய்வு பெறுகிறவர்கள், தங்கள் பி.எஃப். ஓய்வூதியம் குறித்து விதி என்ன சொல்கிறது என்பதை அரசுத் தரப்பிடமே செலவில்லாமல் அல்லது மிகச் சிறு செலவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழிகள் இருக்கின்றன. ஒன்று, வருங்கால வைப்பு நிதி நிறுவனம் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் நடத்தும் ‘நிதி ஆப்கே நிகட்’ (நிதி உங்கள் அருகில்) என்ற முகாம். இரண்டாவது, உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட ஆலோசனை. மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு. எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு தொழிலாளிக்காக இம்மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறுகிறவருக்கு இந்தச் சேவை உண்மையாகவே பயன்படுகிறது. வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு அது ஏறக்குறைய ஒன்றுமே தருவதில்லை.

அவருடைய சிக்கலை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதே நிலையில் இருப்பவர்கள் இப்பகுதியில் ஏராளம். அவர் 2003இல் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து 4 ஆண்டு 5 மாதம் வேலை செய்தார். அங்கிருந்து விலகியபோது ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடாமல், அதுவரையிலான பணிக்காலத்தைப் பின்னர் கணக்கில் சேர்க்க உதவும் சான்றிதழான ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் நெடுங்காலம் பி.எஃப். இல்லாத வேலைகளைப் பார்த்துவிட்டு, கடைசியாக ஒரு கிடங்கில் 5 ஆண்டு 3 மாதம் வேலை செய்து 58 வயதை எட்டினார். ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு தகுதிப் பணிக்காலம் வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் விதி. முதலில் ஓரிடத்தில் விசாரித்தபோது, 4 ஆண்டு 5 மாதம் என்பது 4 என்றும், 5 ஆண்டு 3 மாதம் என்பது 5 என்றும் கணக்கிட்டு, மொத்தம் 9தான் வருகிறது, ஆகவே படிவம் 10சி கொடுத்து ஒரே தவணையில் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். “அவங்களே சொல்லிட்டாங்க சார், இனிமே யாரைப் போய்க் கேக்கறது?” என்றார் அவர்.

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூருக்கு அடுத்த பகுதி இது. ஆனால் இன்று இங்குள்ள பட்டறைகளில் பெரும்பாலும் சங்கம் கிடையாது. கணக்கைச் சரிபார்த்துச் சொல்ல ஆளும் கிடையாது. அந்த இடத்தைத்தான் இலவச சட்ட ஆலோசனை நிரப்புகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருடன் தொழிற்சாலைத் தொழிலாளர்களையும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்களாகச் சொல்கிறது. வருமானம் குறைவாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வழி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் விவரம் கேட்கலாம். திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் உயர் நீதிமன்ற நிலையத்திலேயே இறங்கிவிடலாம் என்பது வயதானவர்களுக்குப் பெரிய வசதி.

எங்களுக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர், ஸ்கீம் சர்டிபிகேட்டையும் இரண்டாவது வேலையின் பி.எஃப். பாஸ்புக் அச்சுப்பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றின் கீழ் பென்சிலால் கோடிட்டார். பிறகு திட்டத்தின் 9ஆவது பத்தியை எங்களுக்குப் படித்துக் காட்டினார். 1995 நவம்பர் 16க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு மொத்தப் பணிக்காலத்தைத்தான் முழு ஆண்டாக்க வேண்டும். 6 மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஓர் ஆண்டாகக் கொள்ள வேண்டும், அதற்குக் குறைவானதை விட்டுவிட வேண்டும் என்கிறது அந்தப் பத்தி. இரண்டு வேலைக்காலங்களையும் முதலில் கூட்டினால் 9 ஆண்டு 8 மாதம் வருகிறது, அதை முழு ஆண்டாக்கினால் 10. கூட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறைத்ததால்தான் ஒரு மனிதரின் வாழ்நாள் ஓய்வூதியம் கைநழுவிப் போக இருந்தது. இப்படி எத்தனை பேர் 10சி படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கேள்வியை எழுதித் தந்ததும் அந்த வழக்கறிஞர்தான். “எனக்கு ஓய்வூதியம் கிடைக்குமா” என்று பொதுவாகக் கேட்காமல், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இரண்டு வேலைக்காலங்கள் உள்ளன, 9ஆவது பத்தியின்படி இவற்றைக் கூட்டிய பின் முழு ஆண்டாக்க வேண்டுமா, அல்லது தனித்தனியாகவா, எந்த விதியின்படி என்று குறிப்பிட்டுப் பதில் தருக என்று ஒரே பக்கத்தில் முடித்திருந்தார். அந்தத் தாளோடுதான் 27ஆம் தேதி முகாமுக்குப் போனோம்.

முகாமைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே ஏற்பட்டது. மனுவை வாங்கிய அதிகாரி, சம்பளமில்லா நாட்கள் ஏதும் கணக்கில் உள்ளனவா என்று பாஸ்புக்கின் மாத வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே பார்த்தார். அவை கூடுதலாக இருந்தால் பணிக்காலம் குறைந்துவிடும் என்பதால் அந்தச் சோதனை சரியானதே. முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிரலில் மாதந்தோறும் விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்தார். பிறகு, இரண்டையும் கூட்டித்தான் முழு ஆண்டாக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, மாத ஓய்வூதியம் கோரும் படிவம் 10டி கொடுக்கச் சொன்னார். அதை அப்படியே மனுவின் மீது எழுதித் தரும்படி கேட்டோம். சற்றுத் தயங்கினாலும், பத்தி எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். இந்தத் தயக்கம்தான் இச்சேவையில் மாற வேண்டிய ஒன்று. கேட்காமலேயே ஒவ்வொருவருக்கும் விதி எண்ணோடு எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பணத்தில் இதன் பொருள் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதே ஓய்வூதியக் கணக்கு. அவருடைய சராசரி 12,000 ரூபாய். ஆகவே மாதம் சுமார் 1,714 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் அது அவர் உள்ளவரை வரும். அவருக்குப் பின் மனைவிக்குப் பாதி என்று கணக்கு வந்தாலும், 2014 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள குறைந்தபட்ச விதியால் 1,000 ரூபாய்க்குக் குறையாது. ஒரே தவணையில் வாங்கும் பணத்தோடு இந்த உரிமைகள் எல்லாம் முடிந்துபோகும்.

உயர் ஓய்வூதியம், அதாவது முழுச் சம்பளத்தின் மீது ஓய்வூதியம் கேட்டு வந்தவர்களும் அன்று வரிசையில் இருந்தார்கள். 2022 நவம்பர் 4இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த விவகாரம் அது. அதற்கு முகாம் ஏற்ற இடமில்லை, நேராக வழக்கறிஞரிடம் போவதே நல்லது.

தகவல் உரிமை மனுவை நாங்கள் துணைக்குத்தான் பயன்படுத்தினோம். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும், தமிழிலேயே எழுதலாம். ஆனால் அதில் “எனக்கு உரிமை உண்டா” என்று கருத்துக் கேட்டால் பதில் கிடைக்காது. அலுவலகத்தின் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். பணிக்காலக் கணக்கீடு குறித்த சுற்றறிக்கைகளின் நகலையும், தம் கணக்கின் பணி விவரப் பதிவின் நகலையும் கேட்டு அவர் மனுச் செய்தார். சுற்றறிக்கைகள் ஆங்கிலத்தில் வந்தன. தமிழில் மட்டுமே படிக்கத் தெரிந்த தொழிலாளிக்கு அதை வாசித்துச் சொல்ல மறுபடியும் ஒருவர் தேவைப்படுகிறார்.

முகாம் வேலை நாளில் வருவதால் தினக்கூலிக்காரர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. 27ஆம் தேதி விடுமுறையானால் அடுத்த வேலை நாளுக்கு மாறும், இடமும் மாறக்கூடும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். எந்த மண்டல அலுவலகம் என்பது நாம் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்ததில்லை, வேலை செய்த நிறுவனத்தின் பதிவைப் பொறுத்தது. கணக்கு எண்ணின் தொடக்க எழுத்துகளிலேயே அது தெரிந்துவிடும். போகும்போது ஸ்கீம் சர்டிபிகேட்டின் அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள். மனுவில் பெற்ற தேதியுடன் முத்திரை விழுந்த பிறகே இடத்தை விட்டு நகருங்கள். 10சி படிவத்தில் இன்னும் கையெழுத்திடாதவர்கள், அதற்கு முன்பாகத் தங்கள் எல்லா வேலைக்காலங்களையும் ஒரு தாளில் எழுதி மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.