சப்ரொகேஷனா, அசைன்மென்ட்டா? சொத்துச் சேத வழக்குகளில் எது கைகொடுக்கும்

மேல்மாடியில் ஒப்பந்தக்காரர் பொருத்திய குழாய் இணைப்பு விட்டுப்போய், கீழ்த்தளக் கிடங்கில் சரக்கெல்லாம் ஊறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனம் பாலிசிதாரருக்குப் பணம் கொடுத்துவிட்டது. அதை ஒப்பந்தக்காரரிடமிருந்து வசூலிப்பது இனி வக்கீலின் பாடு. அவர் கையில் இரண்டு வழிகள்.

சப்ரொகேஷனில், நிறுவனம் பாலிசிதாரரின் இடத்தில் நின்று கேட்கிறது. இழப்பீட்டைக் கொடுத்தாலே இந்த உரிமை வந்துவிடும், தனிப் பத்திரம் தேவையில்லை. (ஆனாலும் எழுதி வாங்காமல் விடமாட்டார்கள். கையெழுத்தில்லாமல் வக்கீலுக்குத் தூக்கம் வருமா?) ஆங்கிலேயச் சட்ட மரபில் வழக்கு பொதுவாகப் பாலிசிதாரர் பெயரில்தான் நடக்கும். அசைன்மென்ட்டில் அவர் தன் உரிமையையே எழுதிக் கொடுத்துவிடுகிறார். நிறுவனம் தன் பெயரிலேயே வழக்குப் போடலாம்.

வித்தியாசம் பணம் வரும்போதுதான் உறைக்கும். 1945-இல் நிஸ்பெட் நிறுவனத்தின் கப்பல் ஒன்று கனடா அரசுக் கப்பலோடு மோதி மூழ்கியது. காப்பீட்டாளர் யார்க்‌ஷயர் கொடுத்தது 72,000 பவுண்டு. வழக்கு இழுத்துக்கொண்டே போக, இடையில் 1949-இல் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டது. கடைசியில் கனடாவிடமிருந்து டாலரில் வந்த தொகையைப் பவுண்டாக மாற்றினால் சுமார் 1,27,000! முழுவதும் தனக்கே என்றது யார்க்‌ஷயர். கொடுத்த 72,000-க்கு மேல் சப்ரொகேஷனில் கிடைக்காது என்று ஆங்கிலேய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அசைன்மென்ட் வாங்கியிருந்தால் கதை மாறியிருக்கும்.

அப்படியானால் அசைன்மென்ட்டே மேல் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலிசியில் அடங்காத நஷ்டம் பாலிசிதாரருக்கு எப்போதும் கொஞ்சம் இருக்கும்: அவரே ஏற்க வேண்டிய முதல் தொகை, வியாபாரம் நின்றுபோன நாட்கள். சப்ரொகேஷனில் அதையும் சேர்த்து ஒரே வழக்கில் கேட்கலாம். தன் பணமும் உள்ளே இருப்பதால் ரசீது, சரக்குக் கணக்கு, சாட்சி எல்லாவற்றுக்கும் அவர் ஓடிவருவார். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டவருக்கு அந்த அக்கறை எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, வழக்குப் போடும் உரிமையை மட்டும் தனியாகக் கைமாற்றுவதை ஏற்காத சட்டங்களும் உண்டு. பாலிசிதாரர் நிறுவனம் கலைக்கப்படப் போகிறது, பங்காளிகளுக்குள் சண்டை, யார் கையெழுத்துப் போடுவது என்றே தெரியவில்லை என்ற நிலையில்தான் நான் அசைன்மென்ட் பக்கம் போவேன்.

ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றே. பாலிசிதாரருக்கு இல்லாத உரிமை நிறுவனத்துக்கு வராது. ஒருவர்மேல் ஒருவர் நஷ்டஈடு கேட்பதில்லை என்று பாலிசிதாரரும் ஒப்பந்தக்காரரும் போட்ட பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் இரண்டு வழியும் அடைபடும். வழக்குப் போடுவதற்கான கெடுவும் பொதுவாகச் சேதம் நடந்த நாளிலிருந்தே ஓடும், இழப்பீடு கொடுத்த நாளிலிருந்து அல்ல. எனவே எந்தப் பத்திரம் என்று யோசிக்கும் முன்பே, உடைந்த குழாய்த் துண்டை யாரும் பழைய இரும்பு வியாபாரியிடம் போட்டுவிடாதபடி எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும்.