குரோமா, ஃபயர்ஃபாக்ஸா?

இரண்டு பிரவுசரும் இலவசம், விலைப் பேச்சை விட்டுவிடலாம்.

வேகம்: அன்றாட வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் ஏகப்பட்ட டேப் திறந்தால் இரண்டுமே திணறும்.

தளங்களோடு ஒத்துப்போவது: குரோம்தான். எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாம் அதே குரோமியம் அடித்தளத்தில் ஓடுவதால், தளம் கட்டுபவர்கள் அதில்தான் முதலில் சோதிக்கிறார்கள். கெக்கோ என்ற தனி இன்ஜின் (பக்கத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்) கொண்ட ஃபயர்ஃபாக்ஸில் எப்போதாவது ஒரு படிவம் முரண்டு பிடிக்கும்.

விளம்பரத் தடுப்பு: உண்மையான பிரிவு இங்கேதான். எக்ஸ்டென்ஷன்களுக்கு (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்களுக்கு) கூகுள் கொண்டுவந்த மேனிஃபெஸ்ட் வி3 விதிகளால், விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன் இப்போது குரோமில் ஓடாது. அதன் லைட் வடிவம்தான் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸில் முழுசாகவே ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனிலும்கூட. ஆண்ட்ராய்டு போன் குரோமில் எக்ஸ்டென்ஷனுக்கே வழியில்லை.

அந்தரங்கம்: 2022 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் (தளங்கள் நம் பிரவுசரில் வைக்கும் சிறு தகவல் துணுக்குகள்) தனித்தனியே அடைத்து வைக்கிறது, தளம் விட்டுத் தளம் நம்மைப் பின்தொடர்வது கடினமாகும்படி. குரோம், விளம்பரத்தில் சம்பாதிக்கும் கூகுளுடையது. வேடிக்கை என்னவென்றால், ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லாவுக்கும் பெரும்பங்கு வருமானம் கூகுள் கொடுப்பதுதான்.

வங்கி, அரசுத் தளங்கள், ஜிமெயில் என்றே நாள் போகிறதா? குரோம் போதும். செய்தியும் வீடியோவும் நிறையப் பார்ப்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ். இந்தியாவில் ஐபோன் வைத்திருப்பவர்கள் ரொம்ப யோசிக்க வேண்டாம். அங்கே இரண்டுமே ஆப்பிளின் வெப்கிட் இன்ஜினில்தான் ஓடுகின்றன.