பிள்ளையை முதலில் எங்கே காட்டுவது: ஊர்ப் பணிமனையிலா, நகரத்து வைத்தியசாலையிலா?

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, பாடசாலை என்றாலே அழுகை, இரவில் திடுக்கிட்டு எழும்புகிறது. இப்படி எதையாவது கண்டதும் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு ஓடுகிற பெற்றோர் பலர். அரச வைத்தியசாலைக்கு யாரும் நேரே போகலாம்தான். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஊரிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தொடங்குவதே நல்லது என்பேன்.

அங்கே பிள்ளையை ஏற்கெனவே தெரியும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து போகிறவர். பிள்ளை எப்போது நடக்கத் தொடங்கியது, எப்போது முதற்சொல் வந்தது என்பதற்குச் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு சாட்சி. 1, 4, 7, 10 ஆம் தரங்களில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையும் இதே பணிமனையின் வேலைதான்.

குறையும் உண்டு. அங்கே உளநல நிபுணர் உட்கார்ந்திருப்பதில்லை. தடுப்பூசி, கர்ப்பிணித் தாய்மார் என்று வேலை குவிந்திருக்கும். இரண்டு வயதாகியும் ஒரு சொல் பேசாத, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளைக்கு ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். காது கேட்கிறதா என்று பார்க்கவும், நிபுணரிடம் காட்டவும் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கடிதத்தில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. ‘நடத்தைப் பிரச்சினை’ என்று மட்டும் எழுதினால் நிபுணர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘இரண்டு மாதமாகக் காலையில் வயிற்றுவலி, சனி, ஞாயிறில் இல்லை, தந்தை வெளிநாடு போனபின் தொடங்கியது’ என்று எழுதினால் முதற் சந்திப்பிலேயே விடயத்துக்கு வந்துவிடலாம். வகுப்பாசிரியர் கண்டதையும் ஒரு தாளில் எழுதி வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோயைத் தீர்மானிப்பதிலும் மருந்து கொடுப்பதிலும் வைத்தியசாலைக்கு ஈடில்லை. ஆனால் வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ வரும் தாய்க்கு ஒவ்வொரு கிளினிக்கும் ஒருநாள் கூலியை விழுங்கிவிடும். தனியாரிடம் பணம் கட்டி நிபுணரைப் பார்க்கும் சனலிங்கில் காத்திருப்பு குறையலாம். செலவோ தொடர்ந்துகொண்டே இருக்கும்.

பிள்ளை சாவதைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்தினாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். கடிதத்துக்குக் காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சிகிச்சை தொடங்கியபின் கிளினிக் புத்தகத்தைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி வையுங்கள். திகதி தவறினால் வீடு தேடி வந்து கேட்கக்கூடியவர் அவர்தான்.