கோத்தகிரியில் வீட்டுக்கு எவ்வளவு கேட்பது? பதிவுத்துறை இணையதளம்: ஒரு மதிப்பீடு

மலையில் விற்பனை மந்தமாக இருக்கும் காலத்தில் வீடு வாங்க வருபவருக்குள்ள பெரிய சிக்கல், சொல்லப்படும் விலையை எதனோடு ஒப்பிடுவது என்பதுதான். கோயம்புத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளத்து வீடு போன விலையைக் கேட்டால் போதும். இங்கே ஒரு வீட்டைப் போல இன்னொரு வீடு இருப்பதில்லை. விற்பனையும் எப்போதோ ஒன்றுதான் நடக்கிறது. கோத்தகிரியில் டானிங்டனுக்கு அப்பால் 7 சென்ட் நிலத்தில் உள்ள பழைய வீடு ஒன்றை என் அக்கா வாங்க விரும்பினார். 72 லட்சம் சொன்னார்கள். ஓராண்டுக்கு மேலாகியும் விற்கவில்லை. “கீழ்வீடு எண்பதுக்குப் போயிருக்குங்க, இது மலிவு” என்றார் தரகர். அந்தப் பேச்சைச் சரிபார்க்க நான் பயன்படுத்தியது தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளம். விலை கேட்கும் வேலைக்கு அது எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

பலரும் முதலில் பார்ப்பது வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பை. அதைச் சந்தை விலை என்று எண்ணிக்கொள்வது தவறு. 2017 ஜூனில் அது மாநிலம் முழுவதும் 33 சதவீதம் குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் திருத்திய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. அரசு எடுத்த முடிவுகளால் ஏறி இறங்கிய எண் அது. மேலும், ஒரே புல எண்ணுக்குள் (சர்வே நம்பர்) சாலையோரமாக உள்ள இடமும், படிக்கட்டில் இறங்கிச் சேர வேண்டிய சரிவும் ஒரே மதிப்பில் நிற்கக்கூடும். சமவெளியில் இது சிறிய குறை. நீலகிரியில் இதுவே பாதி விலை.

ஆனாலும் அந்த எண்ணுக்கு ஒரு முக்கியமான பயன் உண்டு: எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்பதற்கு அது எல்லை போடுகிறது. 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் பேசிய விலைக்கும் அரசு மதிப்புக்கும் இடையே எது அதிகமோ அதன்மீதே கணக்கிடப்படும். வருமான வரிச் சட்டப்படி, அரசு மதிப்பு பேசிய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வித்தியாசத் தொகை முழுவதும் வாங்கியவரின் வருமானமாகக் கொள்ளப்படும். விற்பவரின் மூலதன ஆதாயமும் அரசு மதிப்பைக் கொண்டே கணக்கிடப்படும். எங்கள் கணக்கில் நிலமும் கட்டடமும் சேர்ந்து 53 லட்சம் வந்தது. ஆகவே சுமார் 48 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் கீழே போவதில் இருவருக்கும் நட்டமே. இந்தக் கணக்கைச் செய்யாமல் மந்தத்தை மட்டும் நம்பிப் பாதி விலைக்குக் கேட்பவர்களைக் காண வருத்தமாக இருக்கிறது.

இணையதளத்தின் உண்மையான மதிப்பு, ஒரு சொத்தின் மீது பதிவான ஆவணங்களை வரிசையாகக் காட்டும் வில்லங்கச் சான்றில் இருக்கிறது. கட்டணமின்றிப் பார்க்கலாம், புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் தெரிந்தால் போதும். வில்லங்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். விலை பேசப் போகிறவர் அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு கிரய ஆவணத்தின் கீழும் ‘கைமாற்றுத் தொகை’ (பத்திரத்தில் காட்டிய விலை), ‘சந்தை மதிப்பு’ (பதிவுத்துறை கணக்கில் கொண்ட மதிப்பு) என்று இரண்டு தொகைகள் இருக்கும். கீழ்வீட்டின் உட்பிரிவைப் போட்டுப் பார்த்தேன். தரகர் சொன்ன 80 லட்சத்துக்கு எதிரே பத்திரத்தில் இருந்தது 41 லட்சம். ரொக்கமாகக் கைமாறும் பணம் பத்திரத்தில் ஏறாத ஊர்களில் 41 என்பதையும் அப்படியே நம்ப முடியாது. அதற்கு இரண்டு வரி தள்ளி, பின்னாளில் கடனுக்காக ஒரு வங்கியிடம் உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவு ஒன்று 44 லட்சத்துக்கு இருந்தது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படியென்றால் வங்கியின் மதிப்பீட்டாளர் அந்த வீட்டை 55 லட்சத்துக்குக் குறையாமல் மதித்திருக்கிறார். கூடுதல் கட்டுமானத்துக்கு வாங்கிய கடனாக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே புதிய கட்டுமானம் எதுவும் இல்லை என்பதை நேரில் பார்த்துக்கொண்டேன். தரகரின் வாயிலிருந்தும் பத்திரத்திலிருந்தும் கிடைக்காத நிதானமான எண் இப்படித்தான் கிடைத்தது.

வாங்க நினைக்கும் வீட்டின் சான்று வேறு வகையில் பேசும். விற்பவர் எப்போது, எவ்வளவுக்கு வாங்கினார், பாகப்பிரிவினையில் வந்த சொத்தா, கடன் அடைத்த ரசீது பதிவாகியிருக்கிறதா என்பவை தெரியும். நாங்கள் பார்த்தது நான்கு வாரிசுகளின் சொத்து, கடன் இல்லை. அவசரம் இல்லாதவர்களிடம் மந்தத்தைக் காட்டி அழுத்துவதில் பயனில்லை என்பதை அதிலேயே புரிந்துகொண்டோம்.

மண்ணைப் பற்றி எந்த இணையதளமும் சொல்லாது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழையே கடுமையானது. 2009 நவம்பரில் நிகழ்ந்த மண்சரிவுகளை இங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே வீட்டை மழைக்காலத்தில் பார்ப்பதே முறை. வீட்டின் பின்புறத் தடுப்புச் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. நீர் வடிய விட்ட துளைகளைச் சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள். மழை நின்ற பிறகும் சுவரின் அடியில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. மாற்றிக் கட்ட 6 லட்சம் ஆகும் என்று உள்ளூர்க் கொத்தனார் கணக்குக் கொடுத்தார். எங்களுடையதில் ஒரு சென்ட் கூடுதல், கீழ்வீட்டுக்கோ கார் வரும் வழி உண்டு; இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைத்தேன். 55 லட்சத்தில் 6 லட்சத்தைக் கழித்து 49 லட்சம் கேட்டோம். 55 லட்சத்தைத் தாண்டுவதில்லை என்று அக்கா முன்பே முடிவு செய்திருந்தார். கொத்தனார் எழுதிய கணக்கை விற்பவர்களிடமே கொடுத்தோம். விலையைக் குறைத்துக் கேட்டதற்கு அவர்கள் முகம் சுளிக்கவில்லை என்றால் அதற்கு அந்தத் தாள்தான் காரணம். பேச்சு 54 லட்சத்தில் முடிந்தது. முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டுவது என்பதும் உடன்பாட்டில் சேர்ந்தது.

மேம்படுத்த வேண்டியவை இரண்டு. மிகப் பழைய பதிவுகளுக்கு இன்னும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. தோட்டக் காலத்து நிலங்கள் நிறைந்த நீலகிரியில் அவை மிகவும் தேவை. புல எண் தெரியாதவரும் வரைபடத்தில் இடத்தைத் தொட்டு அக்கம்பக்கத்துக் கிரயங்களைப் பார்க்கும் வசதி வந்தால், விற்பவரும் வாங்குபவரும் ஒரே எண்ணை வைத்துப் பேச்சைத் தொடங்கலாம்.